உடலகத்துத் தூதர்

தமிழ்ப் பிரபந்த வகைகளுள் தூது என்பது ஒன்று. பிரிவாற்றாதார் ஒருவர் தம் உள்ளக் கருத்தை அன்னத்தின் வாயிலாகவோ, முகிலின் வாயிலாகவோ, கிளியின் வாயிலாகவோ பிறிதோரிடத்திற்குச் சொல்லி விடுப்பதாக அமைவது அது. தூது செல்வது எதுவாயினும், செய்தி சென்று சேர்ந்தாலன்றிப் பயனில்லை. சேர்ந்த செய்தியைக் கேட்பாரும் இருத்தல் வேண்டும். யான் இக்கலாசாலையில் விலங்கியல் பயிலத் தொடங்கிய நாளில், நம் உடம்பினகத்தும் இத்தகைய தூது இடையறாது நடைபெறுகின்றது என்று ஆசிரியர் கூறக் கேட்டு வியந்தேன். அவ்வியப்பு அன்று ஏட்டளவில் நின்றது. பின்னர் எம் இல்லத்திலேயே அத்தூதினால் ஒரு துன்பம் விளைந்தது. அத்துன்பத்தினிடையே யான் ஒரு தவறும் இழைத்தேன். அத்தவற்றையும், அதனை உணர்ந்த வகையையும் ஈண்டு எழுதப் புகுந்தேன். நோயைப்பற்றிய செய்திகள் இடையிடையே விரவி வரும். அவை இல்லையேல் என் தவறு இன்னதென்று விளங்காது.

என் அன்னையார் பீடி சுற்றிப் பிழைப்பவர். தாமிரபரணிக் கரையிலுள்ள எம் ஊரிற் பெண்டிர் பலர்க்கும் அதுவே தொழில். மடியிலே சொளகு, சொளகிலே இலையும் தூளும், விரல் நுனியிலே நூல். இவ்வாறு திண்ணையில் அமர்ந்தாரானால் பொழுது சாயும்வரை எழார். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. நாற்பது கட்டு ஓராயிரம். கடையிற் சென்று ஒப்படைக்குங்கால் ஒன்று குறையினும் கூலியிற் பிடித்துக்கொள்வர். ஆதலின் எண்ணிக்கையிற் பிழைபடாமை அவர்க்கு இரண்டாவது இயல்பாக அமைந்துவிட்டது. உறக்கத்திலும் அவர் விரல்கள் எண்ணிக்கொண்டிருக்கும் என்று எந்தையார் நகையாடுவதுண்டு.

2019ஆம் ஆண்டில், தம் நாற்பத்தேழாம் வயதில், அன்னையார் தம் இடது மார்பிற் பாக்களவினதாகிய ஒரு கட்டி இருப்பதை உணர்ந்தார். நாணத்தாலும் அச்சத்தாலும் இரண்டு திங்கள் ஒருவரிடமும் கூறாதிருந்தார். பின்னர் அறுவைச் சிகிச்சையும், தலைமயிர் உதிரும் அக்கொடிய மருந்துகளும், கதிர்ச் சிகிச்சையும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தன. அவையெல்லாம் முடிந்தபின் மருத்துவர், "உங்கள் கட்டியின் உயிரணுக்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறது, இது நல்ல செய்தி, இதற்கு மாத்திரை உண்டு" என்று கூறி, டமாக்ஸிஃபென் என்னும் மாத்திரையை நாடோறும் ஒன்றாக ஐந்தாண்டுகள் உண்ணுமாறு பணித்தார். செப்டம்பர்த் திங்கள் 10ஆம் நாள் அன்னையார் முதன் மாத்திரையை உண்டார். எம் இல்லத்தில் மீண்டும் சிரிப்பொலி கேட்கலாயிற்று.

மூன்றாண்டுகளும் நான்கு திங்களும் அமைதியாகக் கழிந்தன. 2022ஆம் ஆண்டின் இறுதியில் அன்னையார்க்கு முதுகு நோவு கண்டது. நாள் முழுதும் குனிந்திருப்பதனால் வந்தது என்று எண்ணித் தைலம் பூசினோம். நோவு தீரவில்லை. 2023ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் படம் எடுத்துப் பார்த்தபொழுது, நோய் முதுகெலும்பில் மீண்டும் தோன்றியிருப்பது தெரியவந்தது.

அன்றிரவு யான் செய்ததே நான் கூற வந்த தவறு. ஏற்பியுடைய நோயாளர் ஐந்தாண்டுகள் டமாக்ஸிஃபென் உண்டால், நோய் மீள்வது ஏறத்தாழப் பாதியளவு குறையும் என்று யான் நூலிற் படித்திருந்தேன். அரைகுறைக் கல்வியின் செருக்கினால், நோய் மீண்டதெனின் மருந்து உண்ணாமையே காரணமாதல் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். அன்னையார் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அவர் முன்னின்று, "அம்மா, உண்மையைச் சொல். மாத்திரையை ஒருநாளும் விடாமற் சாப்பிட்டாயா?" என்று கேட்டேன். கேட்ட குரல் மகனுடைய குரலாக இல்லை. வழக்கு விசாரிப்பவன் குரலாக இருந்தது.

அவர் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. நோவோடு மெல்ல எழுந்து, அடுக்களையின் மூலையிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் தகரப்பெட்டியை எடுத்துவந்து என் முன் வைத்தார். "எண்ணிப் பார், ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார்.

பெட்டியைத் திறந்தேன். பத்து மாத்திரை கொண்ட அட்டைகள், வெறுமையான அட்டைகள், பத்துப் பத்தாக நூலினாற் கட்டப்பட்டு அடுக்கியிருந்தன. பீடிக்கட்டுக் கட்டும் அதே நூல், அதே முடிச்சு. எண்ணினேன். வெற்றட்டை நூற்றிருபத்தொன்று. நூற்றிருபத்திரண்டாம் அட்டையில் எட்டுக் குழிகள் வெறுமையாகவும் இரண்டு மாத்திரைகள் எஞ்சியும் இருந்தன. ஆக உண்டவை 1218. நாட்காட்டியைக் கொண்டு கணக்கிட்டேன். 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 10 முதல் அன்றுவரை நாட்களும் 1218. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

தலைகுனிந்தேன், ஆயினும் வாய்திறந்து மன்னிப்பு வேண்டினேனல்லேன். நாணம் ஒருபுறம் தடுத்தது; ஐயம் ஒருபுறம் எஞ்சி நின்றது. மருந்தும் நல்லது, உண்டவரும் தவறவில்லை எனின், நோய் எங்ஙனம் மீண்டது? இவ்வினாவிற்கு விடை காணாமல் யான் கூறும் மன்னிப்பு வெறுஞ் சொல்லாகவே இருக்கும் என்று தோன்றிற்று.

நிற்க. அன்னையார் உண்ட மாத்திரை யாது செய்வது என்பதை முதற்கண் கூறுதல் வேண்டும்.

நம் உடம்பு எண்ணிறந்த உயிரணுக்களின் கூட்டம். எந்த உயிரணுவும் தன் விருப்பப்படி பெருகுவதன்று. 'பெருகுக' என்னும் ஆணை புறத்தினின்று வரல்வேண்டும். 'ஓய்க' என்னும் ஆணையும் அத்தகையதே. இவ்வாணைகளைச் சுமந்து வரும் தூதர் பல திறத்தினர். சிலர் குருதியோடு நெடுந்தொலைவு வருவர். அவர்களை ஹார்மோன் என்பர். சிலர் அண்டையிலுள்ள உயிரணுவினின்றே வருவர். வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்கள் இவ்வகையின. வந்த தூதனைப் பற்றிக்கொள்ளுதற்கு உயிரணுவிடம் ஏற்பிகள் என்னும் புரதங்கள் உள. ஏற்பி தனக்குரிய தூதனைப் பற்றியவுடன் செய்தியை மற்றொரு புரதத்திற்கு உணர்த்தும், அது வேறொன்றிற்கு, இங்ஙனம் செய்தி கைமாறிக் கைமாறி உட்செல்லும். பாஸ்பேட் என்னும் ஒரு சிறு முத்திரையை ஒரு புரதம் அடுத்த புரதத்தின்மீது பொறிப்பதே பெரும்பாலும் இக்கைமாற்றத்தின் முறை. முத்திரை பெற்ற புரதம் விழித்தெழும். முத்திரை நீங்கின் உறங்கும். இறுதியிற் செய்தி உட்கருவை அடைய, ஆங்குள்ள மரபணுக்கள் அதற்கேற்ப இயங்கும்.

மார்பின் உயிரணுக்களுக்குப் பெருகுமாறு செய்தி கொணரும் தூதருள் தலைமை வாய்ந்தது சூலகத்திற் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன். இதன் பெயர் அறியப்படுமுன்னரே இதன் செயல் அறியப்பட்டது. ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பீட்ஸன் என்னும் அறுவை மருத்துவர், மார்பிற் புற்றுநோய் முற்றிய ஒரு பெண்மணியின் சூலகங்களை 1895ஆம் ஆண்டில் அகற்றினார். தொடாமல் விடப்பட்ட மார்புக் கட்டி தானே சுருங்கலாயிற்று. 1896ஆம் ஆண்டில் அவர் இதனை உலகிற்கு வெளியிட்டார். ஹார்மோன் என்னுஞ் சொல்லே 1905ஆம் ஆண்டிலேதான் வழக்கிற்கு வந்தது என்பதை நினைப்பின், அவரது நுண்ணுணர்வு எத்துணைப் பெரிது என்பது விளங்கும். ஆயினும் இச்சிகிச்சை ஏறத்தாழ மூவருள் ஒருவர்க்கே பயன் தந்தது. ஏனையோர்க்குப் பயன்படாமை ஏன் என்பது அறுபதாண்டுகளுக்கு மேல் விளங்காதிருந்தது.

சிக்காகோ சர்வகலாசாலையைச் சார்ந்த எல்வுட் ஜென்ஸன் என்பார் 1950களின் பிற்பகுதியில், கதிரியக்கக் குறியிட்ட ஈஸ்ட்ரோஜனை விலங்குகளுக்குச் செலுத்தி, அது எவ்வுறுப்பிற் சென்று தங்குகின்றது என்று ஆராய்ந்தார். கருப்பை முதலிய சில உறுப்புக்களே அதனைப் பற்றிவைத்துக் கொண்டன. பற்றுதற்கென ஒரு புரதம் அவ்வுயிரணுக்களில் உண்டு என்பது இதனாற் புலப்பட்டது. அதுவே ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. கேட்கும் செவியுடைய கட்டியே தூது நின்றதனால் வாடும். செவியில்லாத கட்டிக்குத் தூது வந்தாலென், வராவிட்டாலென்? பீட்ஸனின் புதிர் அவிழ்ந்தது.

டமாக்ஸிஃபென் பிறந்த வரலாறும் சுவையானது. இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. என்னும் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் டோரா ரிச்சர்ட்ஸன் என்னும் பெண்மணியார் 1962ஆம் ஆண்டில் அதனைச் செய்தார். கருத்தடைக்காக நாடப்பட்ட மருந்து அது. மகளிர்பால் அப்பயன் தரவில்லை. கைவிடத்தக்கதாயிருந்த அப்பொருளை 1971ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரத்து மருத்துவர் சிலர் மார்புப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பயன் கண்டு வெளியிட்டனர். ஈஸ்ட்ரோஜன் அமர வேண்டிய குழியில் இது முன்சென்று அமர்ந்துகொள்ளும். பூட்டின் துளையில் வேறொரு சாவியைச் செருகி வைத்தாற்போல, உரிய சாவி வந்தாலும் நுழைய இடமிராது. இவ்வெளிய மாத்திரையினால் உயிர் பிழைத்த மகளிர் உலகெங்கும் மிகப் பலர்.

ஆயின் என் அன்னையார்க்கு மட்டும் அது பயன்படாது போனதேன்? இதற்கு விடை எனக்கு ஒரு கண்ணாடிக் குப்பியிற் கிடைத்தது.

2023ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு திங்கள் பயிற்சி பெற எனக்கு வாய்ப்புக் கிட்டியது. ஆங்கு யான் அக்கா என்றழைத்து வந்த ஆராய்ச்சி மாணவியார் ஒருவர், உடற்சூட்டின் அளவிற் காக்கப்படும் பேழையிலிருந்து ஒரு தட்டையான குப்பியை எடுத்து உருப்பெருக்கியின்கீழ் வைத்துக் காட்டினார். கூழாங்கற் பாவிய தளம்போல உயிரணுக்கள் ஒன்றோடொன்று நெருங்கியிருந்தன. "எம்.சி.எஃப்.-7 என்பது இவற்றின் பெயர், ஒரு கன்னிமடத்து அம்மையாரிடமிருந்து வந்தவை" என்றார். அமெரிக்க தேசத்து மிச்சிகன் மாகாணத்திலிருந்த அறுபத்தொன்பது வயதினராகிய கன்னித்துறவி ஒருவர் மார்புப் புற்றுநோயால் வருந்தினார். அவர் நெஞ்சிற் கோத்த நீரிலிருந்து 1970ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட உயிரணுக்களை டெட்ராய்ட் நகரில் வளர்த்து, 1973ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அம்மையார் 1970ஆம் ஆண்டிலேயே மறைந்தார். அவருடைய உயிரணுக்களோ இன்றும் உலகெங்கும் ஆராய்ச்சிக் கூடங்களிற் பெருகி வருகின்றன. மார்புப் புற்றுநோய் ஈஸ்ட்ரோஜனுக்குச் செவிசாய்க்கும் வகையைப் பெரிதும் இவற்றைக்கொண்டே அறிஞர் கற்றனர்.

இவற்றின் செவி எத்துணைக் கூரியது என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். உயிரணுக்கள் வளரும் உணவு நீரில், அதன் புளிப்பு மிகுதியை நிறத்தாற் காட்டுவதற்காகப் பினால் ரெட் என்னும் சாயத்தைச் சேர்ப்பது வழக்கம். நெடுநாள் அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. அச்சாயத்தையும் எம்.சி.எஃப்.-7 உயிரணுக்கள் ஈஸ்ட்ரோஜனின் மெல்லிய குரலாகக் கேட்டுப் பெருகிக்கொண்டிருந்தன என்பது 1986ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அன்றுமுதல் இவ்வாராய்ச்சிக்கு அச்சாயம் கலவாத நீரையே பயன்படுத்துகின்றனர்.

பின்னர் அக்கையார் மற்றொரு குப்பியைக் காட்டினார். அதனுள்ளும் எம்.சி.எஃப்.-7 உயிரணுக்களே இருந்தன. ஆயின் அவை பல திங்களாக டமாக்ஸிஃபென் வகை மருந்திலேயே வளர்க்கப்பட்டவை. தொடக்கத்தில் மருந்து பட்டவுடன் பெரும்பாலானவை பெருகுதல் ஒழிந்தன, பல மடிந்தன. சில வாரங்கள் குப்பி பாழ்நிலம்போலக் கிடந்ததாம். அதன்பின் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தலைதூக்கின. இப்பொழுதோ, மருந்து நிறைந்த நீரிலேயே அவை குப்பியின் தளமெங்கும் பரவி நின்றன.

"இதற்கு மருந்து நாடோறும் தவறாமற் கொடுத்தீர்களா?" என்று கேட்டேன். என் அன்னையாரிடம் கேட்ட அதே வினா என்பது கேட்டபின்னரே எனக்குத் தோன்றிற்று.

அக்கையார் நகைத்தார். "தம்பி, நீர் மாற்றும்போதெல்லாம் அளந்து கொடுக்கிறோம். மறப்பதற்கு இங்கே யார் இருக்கிறார்கள்? மருந்திலேயே மூழ்கிக் கிடக்கின்றனவே, பார்க்கவில்லையா?" என்றார்.

அச்சொல் என் நெஞ்சிற் சென்று தைத்தது. இக்குப்பிக்கு மறதியில்லை, சோம்பலில்லை, மாத்திரை வாங்கப் பணமில்லாமை இல்லை. துளியும் குறையாது மருந்து பெற்றும், நோயணு மருந்தை மீறிற்று. யான் அன்னையார்மீது சுமத்திய குற்றத்தை இக்குப்பியின்மீது சுமத்தலாகாது. ஆதலின் அவர்மீதும் சுமத்தலாகாது.

இனி, அவை மீறிய வகை யாது என்பதைக் கூறுவேன். உயிரணுவின் செவி ஒன்றன்று. ஸ்டான்லி கோஹன் என்னும் அறிஞர், ஒரு புரதச் சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தினபொழுது, அவை உரிய நாளுக்கு முன்னரே கண்விழித்தமை கண்டார். இமைத்தோலை விரைவில் முதிரச் செய்த அப்புரதமே மேற்றோல் வளர்ச்சிக் காரணி. இதுபோன்ற வளர்ச்சிக் காரணிகளைக் கண்டமைக்காக அவருக்கும் ரீட்டா லெவி-மொண்டால்சினி என்னும் பெண்மணியார்க்கும் 1986ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இத்தூதனைப் பற்றும் ஏற்பி உயிரணுவின் புறச்சுவரில் நிற்பது. அதன் உடன்பிறப்புப் போன்றதே ஹெர்-2 என்னும் ஏற்பி. ஹெர்-2 ஒரு வியப்பு. தனக்கென ஒரு தூதனை உடையதாக இதுவரை அறியப்படவில்லை. தூதனைப் பற்றிய மற்றோர் ஏற்பியோடு கைகோத்து நின்று அச்செய்தியை உரக்கக் கூவுவதே அதன் தொழில். மார்புப் புற்றுநோயாளர் நூற்றுவருள் பதினைந்து முதல் இருபதின்மர்பால் இது அளவிறந்து பெருகி நிற்கும். இவ்வாறு பெருகியவர்க்கு நோய் விரைந்து மீள்வதை 1987ஆம் ஆண்டில் டென்னிஸ் ஸ்லாமன் என்பாரும் அவர் துணைவரும் காட்டினர். அதன் வாயை அடைக்கும் டிராஸ்டுஸுமாப் என்னும் மருந்து 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வழக்கிற்கு வந்தது.

டமாக்ஸிஃபெனை மீறிய எம்.சி.எஃப்.-7 உயிரணுக்களில் இவ்விரு புறச்சுவர் ஏற்பிகளும் முன்னினும் ஓங்கி ஒலிப்பதை வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரத்து அறிஞர் 2003ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். அவ்வொலி உள்ளே இரு பெரு வழிகளிற் செல்லும். ஒருவழியின் இறுதியில் நிற்கும் எர்க் என்னும் புரதம், ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின்மீதே தன் முத்திரையைப் பொறித்துவிடும்; அதனால் ஈஸ்ட்ரோஜன் வாராமலே ஏற்பி விழித்தெழும். மற்றொரு வழியாகிய பி.ஐ.3-கைனேஸ் வழி, 'மடியாதே, உண், வளர்' என்று உயிரணுவை ஊக்கும். இன்னுங் கொடியது ஒன்றுண்டு. ஹெர்-2 மிக்க உயிரணுக்களில் டமாக்ஸிஃபென் தானே ஏற்பியை ஊக்கும் தூதனாக மாறிவிடுவதுண்டு. அடைக்கச் செருகிய சாவியே பூட்டைத் திறந்துவிடுகின்றது! ஈஸ்ட்ரோஜன் சுரப்பையே நிறுத்தும் மருந்துகளை உண்டாரிற் சிலர்பால், ஏற்பியின் மரபணுவே சிறிது திரிந்து, எத்தூதும் இன்றியே இடையறாது கூவும் ஏற்பி தோன்றுதலை 2013ஆம் ஆண்டில் அறிஞர் பலர் கண்டனர்.

இவற்றைக் கேட்டபொழுது, நோயணு நம்மை வெல்லச் சூழ்ச்சி செய்கின்றது என்றே முதலில் எண்ணினேன். அக்கையார் அதனை மறுத்தார். உயிரணுவிற்குச் சூழ்ச்சியில்லை. கோடிக்கணக்கான உயிரணுக்களுள் சில இயல்பிலேயே சிறிது வேறுபட்டிருக்கும். ஒன்றன்பால் ஹெர்-2 சற்று மிகுதி, ஒன்றன்பால் ஒரு மரபணு திரிபு. மருந்து இல்லாத நாளில் அவ்வேறுபாட்டால் நன்மையுமில்லை, தீமையுமில்லை. மருந்து வந்து ஏனையவற்றை வீழ்த்தியபின், அச்சிலவே எஞ்சிப் பெருகுகின்றன. ஆதலின் மருந்து தோற்றது என்பதும் முற்றும் உண்மையன்று. கேட்டவற்றையெல்லாம் அது வென்றது, கேளாதவை எஞ்சின. அன்னையார் உண்ட 1218 மாத்திரைகளும் வீண்போகவில்லை. அவற்றாற் பெற்ற மூன்றாண்டுகளும் நான்கு திங்களும் பொய்யல்ல.

பயிற்சி முடிந்து ஊர் திரும்பினேன். ஒருநாள் மாலை அன்னையார் திண்ணையிற் சாய்ந்திருந்தார். அருகமர்ந்து, யான் கண்டவற்றைச் சொற்களைத் தேடித் தேடிக் கூறினேன். ஏற்பியைச் செவி என்றேன். மருந்தைக் கதவு என்றேன். ஒரு வாயிலை அடைத்தபின் செய்தி வேறு வழியிற் புகுந்ததைச் சொன்னபொழுது, அவர் இடைமறித்து, "நம் குளத்து மடையை அடைத்தால் தண்ணீர் மறுகால் வழியாய்ப் போகுமே, அப்படியா?" என்றார். யான் ஒரு திங்கள் கற்றதை அவர் ஒரு சொல்லில் முடித்துவிட்டார்.

பின்னர், "அம்மா, அன்று உன்னைச் சந்தேகப்பட்டுக் கேட்டேன். என்னை மன்னித்துக்கொள்" என்றேன். அவர் சிறிதுபொழுது தெருவையே நோக்கியிருந்தார். "நீ எண்ணியது தப்பில்லை, ஐயா. எண்ணிவிட்டுக் கேட்டிருக்கலாம்" என்றார். அவ்வளவே. வேறு எதுவும் அதைப்பற்றி அவர் அன்றும் சொல்லவில்லை; பின்னரும் சொல்லவில்லை.

அதற்கு முன்னரே மருத்துவர் சிகிச்சையை மாற்றியிருந்தார். முதுகெலும்பினின்று எடுத்த துணுக்கை ஆராய்ந்ததில், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி அழியாமல் நிற்பது தெரிந்தது. ஆதலின் அன்னையாரின் சூலகங்களை அகற்றினர். பீட்ஸன் 1895ஆம் ஆண்டிற் செய்த அதே அறுவை. கொழுப்பு முதலிய பிற இடங்களில் ஊறும் ஈஸ்ட்ரோஜனை நிறுத்த லெட்ரோஸோல் என்னும் மாத்திரையைக் கொடுத்தனர். அதனோடு பால்போசிக்லிப் என்னும் மருந்தையும் சேர்த்தனர். இஃது எந்த ஏற்பியையும் அடைப்பதன்று. பல வழிகளில் வரும் 'பெருகுக' என்னும் செய்தியெல்லாம், உயிரணு இரண்டாகப் பிரியத் தொடங்கும் வாயிலில் சி.டி.கே.-4, சி.டி.கே.-6 என்னும் இரு புரதங்களை வந்தடையும். அவ்விரண்டையும் இது தடுத்து நிறுத்தும். வழிகளை ஒவ்வொன்றாக அடைப்பதினும், அவை கூடும் சந்தியிற் காவலிடுதல் நன்றன்றோ? லெட்ரோஸோலை மட்டும் உண்டோர்பால் நோய் அடங்கியிருந்த இடைக்காலம் 14.5 திங்கள், இரண்டையும் சேர்த்து உண்டோர்பால் 24.8 திங்கள் என்று 2016ஆம் ஆண்டில் வெளியான பேராராய்ச்சி ஒன்று காட்டிற்று. எம்போலியர்க்கு எட்டாத விலையினதாயிருந்த இம்மருந்தின் காப்புரிமை, இந்தியாவில் 2023ஆம் ஆண்டு ஜனவரியில், அன்னையாரின் நோய் மீண்ட அதே திங்களில், முடிவெய்தியது. நம் நாட்டு நிறுவனங்கள் பல அதனைச் செய்யத் தொடங்க, விலை பெரிதும் இறங்கிற்று. இதனை எம் குடும்பம் மறவாது.

இம்மருந்தையும் நோயணுக்கள் ஒருநாள் மீறக்கூடும் என்பதை யாம் அறிவோம். அவ்வாறு மீறும் வழிகளையும், அவ்வழிகளுக்குரிய காவலையும் அறிஞர் தேடிக்கொண்டே உள்ளனர். தூதின்றிக் கூவும் திரிந்த ஏற்பிக்கென எலாசெஸ்ட்ரன்ட் என்னும் மருந்து 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஒரு வாயில் அடைபட்டால் மறுவாயில் தேடுவது நோய்க்கு மட்டும் உரிய இயல்பன்று. மனிதன் அறிவிற்கும் உரியதே.

நண்பர்களே, மாத்திரையை இடையில் நிறுத்திவிடுவோர் உலகில் இல்லாமலில்லை. உடல் வெம்மையாலும், மூட்டு நோவாலும், வறுமையாலும், மறதியாலும் நிறுத்துவோர் பலர். ஆதலின் 'உண்டீர்களா' என்று வினவுதல் மருத்துவர் கடமை. உறவினர் கடமையும் ஆகும். யான் மறுப்பது வினாவையன்று. விடை கேளாமுன் தீர்ப்பெழுதிய மனத்தையே. நோயுற்றாரின் உடலை நோய் வருத்துகின்றது. 'உன் தவறே' என்னும் சொல் அவர் உள்ளத்தை வருத்துகின்றது. முன்னதற்கு மருந்து தேட அறிவு வேண்டும். பின்னதைத் தவிர்க்க நாவடக்கமே போதும். நும் இல்லத்துப் பெண்டிர் மார்பிற் கட்டியொன்றைக் கண்டால், என் அன்னையார்போல் இரண்டு திங்கள் மறைத்து வருந்தாமல் உடனே மருத்துவரை நாடுமாறு அவர்களிடம் கூறுங்கள். கூச்சமின்றி அவர்கள் கூறத்தக்கவாறு நீங்களும் நடந்துகொள்ளுங்கள்.

புதிய மருந்தை இருபத்தொரு நாள் உண்டு, ஏழு நாள் நிறுத்தி, மீண்டும் தொடங்கல் வேண்டும். அக்கணக்கை அன்னையார் எவரும் நினைவூட்டாமல் நடத்தி வருகின்றார். முதுகு நோவு தணிந்து, பிற்பகலிற் சிறிதுபொழுது சொளகை மடியில் வைத்துக்கொள்கின்றார். பழைய தகரப்பெட்டி அடுக்களை மூலையிலேயே இருக்கின்றது. அதனருகில் இப்பொழுது இரண்டாவது பெட்டி ஒன்றும் இருக்கின்றது. அதனை யான் ஒருநாளும் திறந்து எண்ணினேனல்லேன்.